பால்மரப் பலகையில் ஒரு படிப்பு மேசை

எங்கள் பிள்ளைகள் இருவரும் பாடம் எழுதிவந்த மேசையின் கால்கள் 2024 ஆகஸ்டு மாதத்தில் அடியிலிருந்து உப்பத் தொடங்கின. மரத்தூளைப் பசையோடு சேர்த்து அழுத்திச் செய்த பலகை அது. மேலே ஒட்டியிருந்த மெல்லிய தாள்தான் அதற்கு மரத்தின் தோற்றத்தைத் தந்திருந்தது. தரையைத் துடைக்கும்போதெல்லாம் கால்களின் வெட்டுமுனை வழியாக ஏறிய ஈரம் உள்ளிருந்த தூளை ஊதவைத்தது. ஒருமுறை ஊதிய தூள் காய்ந்த பிறகும் பழைய அளவுக்குத் திரும்பவில்லை. திருகாணிகள் பிடிக்க இடமின்றிக் கழன்றன. மூன்று ஆண்டுகளில் இப்படிக் கெட்டுப்போன இரண்டாவது மேசை என்பதால், அதே வகையில் இன்னொன்றை வாங்க எனக்கு மனம் வரவில்லை. முழுமரத்தில் செய்த மேசைகளோ எங்கள் கைக்கு எட்டும் விலையில் இல்லை. என் கணவர் பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்க்கிறார். நான் ஒரு கிளினிக்கில் பதிவு முகப்பில் இருக்கிறேன். வீட்டுச் செலவுக் கணக்கை இருவரும் பார்த்துவிட்டு, 400 ரிங்கிட்டுக்குள் முடியுமானால் நாமே செய்துவிடலாம் என்று முடிவெடுத்தோம்.

அதே தீவின் ஜெலுத்தோங்கில் எங்கள் வீடு அடுக்குமாடியின் பதினொன்றாம் தளத்தில் இருக்கிறது. பொது நடைபாதையில் ரம்பம் போட்டால் தூசியும் இரைச்சலும் அண்டை வீட்டாரைத்தான் வருத்தும் என்பதால், பாலத்துக்கு அப்பால் பெருநிலத்தில், புக்கிட் மெர்தாஜாமில் இருக்கும் என் அண்ணன் வீட்டுக் கார் நிறுத்துமிடத்தை ஞாயிற்றுக்கிழமைகளில் கேட்டு வாங்கினேன். துளையிடும் இயந்திரமும் ஓர் இழைப்புளியும் அண்ணனிடம் இருந்தன. இழுக்கும்போது வெட்டும் மெல்லிய ரம்பம் ஒன்று, அரை அங்குல உளி ஒன்று, மரத்தை இறுக்கிப் பிடிக்கும் நான்கு கிளாம்புகள் ஆகியவற்றை நான் வாங்கினேன். கிளாம்புகளை எண்ணிக்கை குறைத்து வாங்க நினைத்தபோது அண்ணன் தடுத்தார். அவர் தடுத்தது எவ்வளவு சரி என்பது பசை பூசிய நாளில் விளங்கியது.

எந்த மரம் என்பதுதான் முதல் கேள்வி. அண்ணன் பிறை நகரில் வேலை செய்யும் இடத்தில் சரக்கு ஏற்றும் மரத்தட்டுகள் உடைந்தால் வெளியே போட்டுவிடுவார்கள். கேட்டால் இலவசமாகவே தருவார்கள். அவற்றை எடுப்பவர்கள் ஒன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும். நாடு விட்டு நாடு போகும் தட்டுகளில் கோதுமைக் கதிர் போன்ற ஒரு முத்திரையும், அதன் அருகில் நாட்டுக் குறியீடும், பூச்சிநீக்கம் செய்த முறையின் குறியீடும் பொறிக்கப்பட்டிருக்கும். எச்.டி. என்றிருந்தால் மரத்தின் உட்பகுதி 56 பாகை செல்சியஸில் 30 நிமிடமாவது இருக்கும்படி சூடாக்கப்பட்டது என்று பொருள், எம்.பி. என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்னும் நச்சு வாயுவைச் செலுத்தியது என்று பொருள். இரண்டாவது வகையையும், முத்திரையே இல்லாதவற்றையும், எண்ணெயோ இரசாயனமோ சிந்திய கறை உள்ளவற்றையும் நான் தொடவில்லை. பிள்ளைகள் முழங்கை ஊன்றி உட்காரும் பொருளுக்கு அந்தச் சிக்கனம் தேவையில்லை. நல்ல தட்டுகள் இரண்டிலிருந்து கிடைத்த பைன் பட்டைகளைக் கால்மிதிக்கு மட்டும் எடுத்து வைத்தேன். மேற்பலகைக்கு அவை மிக மென்மை. பேனாவை அழுத்தி எழுதினாலே தடம் விழும்.

மேற்பலகைக்கு மரக்கடை முதலாளியான தௌக்கே காட்டியது ரப்பர் மரத்துச் சிறு கட்டைகளை, விரலோடு விரல் கோத்ததுபோல் முனைகளைப் பல்லாக வெட்டி ஒட்டிச் செய்த, 18 மில்லிமீட்டர் தடிப்புள்ள பலகையை. எட்டுக்கு நான்கடி முழுப்பலகையை அவர் கால்பங்குகளாக அறுத்தும் விற்கிறார். நான்குக்கு இரண்டடி துண்டு அப்போது 58 ரிங்கிட். இரண்டு துண்டுகள் எடுத்தேன்: ஒன்று மேற்பலகைக்கு, மற்றொன்று பெஞ்சுக்கும் புத்தகத் தட்டுக்கும்.

பலகையை அண்ணன் வீட்டு வாசலில் இறக்கியபோது அம்மா அதைத் தடவிப் பார்த்தார். “என்னா மரம்மா இது?” என்று கேட்டார். ரப்பர் மரம் என்றேன். “கித்தாக் கட்டையிலயா மேச செய்யப் போற? அது அடுப்புக்குத்தானே ஆகும்!” என்றார். அவர் கேலிக்காகச் சொல்லவில்லை. கூலிமுக்கு அருகில் ஒரு தோட்டத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் பால் வெட்டியவர் அவர். விடியும் முன்னே தலைவிளக்கோடு நிரைக்குப் போய், பட்டையை இழையிழையாகச் சீவி, மங்கில் பால் சொட்டுவதைப் பார்த்து வளர்ந்த அவருக்கு அந்த மரம் பால் தரும் வரைக்கும் மரம். பால் நின்ற பிறகு விறகு. இருபத்தைந்து முப்பது ஆண்டுகளில் பால் குறைந்ததும் மறுநடவுக்காக வெட்டிச் சாய்க்கப்படும் மரங்கள் லயத்து அடுப்புகளிலும், ரப்பர்த் தகடுகளைப் புகைபோட்டு உலர்த்தும் கூடங்களிலும் எரிந்ததைத்தான் அவர் கண்டிருக்கிறார். வெட்டிப்போட்ட கட்டை ஒரு வாரத்தில் நீலம் பாய்ந்துவிடும் என்றும், பிறகு வண்டு துளைத்து மாவாகக் கொட்டும் என்றும் சொன்னார்.

அவர் சொன்ன இரண்டும் உண்மை. ரப்பர் மரத்தில் மாவுச்சத்து மிகுதி. அதற்காகவே நீலக்கறைப் பூஞ்சையும் மரத்தூள் வண்டும் அதைத் தேடி வருகின்றன. மரத்தை வெட்டிய சில நாட்களிலேயே அறுத்து, போரிக் அமிலமும் போராக்ஸும் கலந்த கரைசலை அழுத்தத்தின் மூலம் உள்ளே செலுத்தி, பிறகு சூளையில் உலர்த்தும் முறை பரவிய பிறகுதான் 1980களில் அது மலேசியத் தளவாடத் தொழிலின் முதன்மை மரமாக எழுந்தது. ஜொகூரின் மூவாரில் இன்று தளவாடம் செய்யும் ஊரே உருவாகியிருக்கிறது என்றால், அந்த எழுச்சியில் இந்த மரத்துக்கும் பெரும்பங்கு உண்டு. பேராக்கின் கோலகங்சாரில் 1877இல் நடப்பட்ட ஒன்பது ரப்பர் கன்றுகளில் ஒன்று இன்னும் அங்கே நிற்கிறது. அதன் வழிவந்த மரங்களுக்கு நம் மக்கள் கொடுத்த உழைப்பு எத்தனை தலைமுறையினுடையது என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த மரத்தின் கட்டையில் என் பிள்ளைகள் தமிழ் எழுதப் போகிறார்கள் என்பது எனக்குச் சிறிய செய்தியாகத் தோன்றவில்லை. போரான் மருந்து நீரில் கரைந்து வெளியேறக்கூடியது என்பதால் இந்தப் பலகை வீட்டுக்குள் மட்டுமே இருக்கத்தக்கது. வாங்கும்போது அதன் ஓரங்களைத் தட்டி, குண்டூசி முனையளவு துளைகளோ மாவு போன்ற தூளோ இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே பணம் கொடுத்தேன்.

கால்களுக்கு மரம் எங்கள் அடுக்குமாடியின் கீழேயே கிடைத்தது. யாரோ வீடு மாறியபோது ஒரு பழைய கட்டிலைக் குப்பைக் கூடத்தின் அருகே சாய்த்துவிட்டுப் போயிருந்தார்கள். அதன் சட்டங்கள் செம்பழுப்பு நிறத்தில் கனமாக இருந்தன. நியாத்தோ மரமாக இருக்கும் என்றார் தௌக்கே. அவற்றின் மேல் மினுமினுப்பான பழைய பூச்சு இருந்தது. அது எதுவென்று அறிய, மறைவான ஓரிடத்தில் ஸ்பிரிட்டில் நனைத்த துணியை ஒரு நிமிடம் வைத்துத் தேய்த்தேன். பூச்சு இளகிப் பிசுபிசுத்து, துணியில் காவி நிறம் ஏறியது. அப்படியானால் அது அவலரக்கை, அதாவது ஷெல்லாக்கை, கரைத்துப் பூசிய பழைய பாலிஷ். தேய்த்துத் தூசியாக்காமல் ஸ்பிரிட்டாலேயே துடைத்து எடுத்துவிட்டேன். நிறப் பெயிண்டு அடித்த பழைய மரமாக இருந்திருந்தால் அதை எடுத்தே இருக்க மாட்டேன். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், பிள்ளைகள் நடமாடும் இடத்தில் அதைத் தேய்க்கக் கூடாது. சட்டங்களை இழைத்துச் சதுரமாக்கியபோது 45 மில்லிமீட்டர் பக்கம் கொண்ட நான்கு கால்கள் கிடைத்தன. கால்களை இணைக்கும் சட்டங்களுக்கு மட்டும் ஒன்றுக்கு நான்கு அங்குல மெராந்தி மரம் பன்னிரண்டடி வாங்கினேன். கடையில் ஓர் அங்குலம் என்று சொல்வது இழைத்த பிறகு ஏறத்தாழ 20 மில்லிமீட்டர்தான் இருக்கும். நான்கு அங்குலம் 90 மில்லிமீட்டர் இருக்கும். வரைபடம் போடுவதற்கு முன் மரத்தையே அளந்து கொள்வது நல்லது.

அளவை முடிவு செய்வதில் எனக்கு இரண்டு மாலைகள் ஆயின. பெரியவளுக்குப் பதினொன்று, சின்னவனுக்கு எட்டு. ஒருவருக்குப் பொருந்தும் உயரம் மற்றவருக்குப் பொருந்தாது. இருவரையும் நாற்காலியில் நிமிர்ந்து உட்காரவைத்து, கையை மடக்கும்போது முழங்கை நிற்கும் உயரத்தை அளந்தேன். மேசையைச் சின்னவனுக்காகத் தாழ்த்தினால் இரண்டே ஆண்டுகளில் பெரியவள் கூன் போட்டு எழுதுவாள். ஆகையால் 710 மில்லிமீட்டர் உயரத்தில் மேசை, 430 மில்லிமீட்டர் உயரத்தில் பெஞ்சு, சின்னவன் உட்காரும் பக்கத்தில் ஒரு தலையணைத் திண்டு, அவன் பாதம் ஊன்ற 90 மில்லிமீட்டர் உயரக் கால்மிதி என்று அமைத்தேன். மேற்பலகையும் சட்டமும் போக முழங்காலுக்கு ஏறத்தாழ 600 மில்லிமீட்டர் உயரம் கிடைக்கிறது. பெஞ்சின் மேல் தொடைக்கு 170 மில்லிமீட்டர் இடைவெளி எஞ்சுகிறது. இன்னும் அகலமான சட்டம் மேசையை உறுதியாக்கியிருக்கும், ஆனால் பெரியவள் வளரும்போது தொடை இடித்திருக்கும்.

இணைப்புகளைத் திருகாணியால் முடித்துவிடலாம் என்றுதான் அண்ணன் சொன்னார். பழைய மேசையின் திருகாணிகள் கழன்று விழுந்த காட்சி என் கண்ணில் நின்றது. ஒரு மரத்தின் முனையை நாக்காகச் செதுக்கி மற்றதன் துளைக்குள் செருகும்படி, கழுந்தும் துளையுமாகச் செய்ய வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். நான்கு சட்டங்களுக்கு எட்டுக் கழுந்துகள், எட்டுத் துளைகள். சட்டத்தின் தடிப்பில் மூன்றில் ஒரு பங்கு கழுந்துக்கு என்பது தச்சர்கள் சொல்லும் கணக்கு. என்னிடம் 8 மில்லிமீட்டர் துளைமுனை இருந்ததால் கழுந்தின் தடிப்பையும் 8 ஆகவே வைத்தேன். அகலம் 60, நீளம் 25. துளைகளை முதலில் வெட்ட வேண்டும், அதற்கேற்பக் கழுந்தை ஒவ்வொன்றாகச் சீவிப் பொருத்த வேண்டும். மாறிச் செய்தால் ஒவ்வொரு தவறும் இரட்டிப்பாகும். காலில் கூரான பென்சிலால் கோடிட்டு, அதன் மேலேயே கத்தியால் கீறி, வரிசையாகத் துளையிட்டு, இடையிலிருந்த சுவர்களை உளியால் செதுக்கி எடுத்தேன். பென்சில் கோடு உளிக்கு வழிகாட்டும். கத்திக்கீறல்தான் உளியைப் பிடித்து நிறுத்தும். இந்த வேறுபாட்டை இரண்டாவது துளையில் ஓரம் பிய்ந்தபோது கற்றுக்கொண்டேன். ஒரே காலில் இரு பக்கத்திலிருந்தும் வரும் கழுந்துகள் உள்ளே ஒன்றையொன்று இடிக்கும் என்பதால் அவற்றின் முனைகளை 45 பாகையில் சாய்த்து வெட்டினேன்.

முதல் மூன்று கழுந்துகள் தளர்வாகப் போயின. கோட்டின் மேலேயே ரம்பத்தை ஓட்டிவிட்டேன். கோட்டுக்கு வெளியே, கழிவுப் பக்கம் ஓட்டி, மிச்சத்தை உளியால் சீவியிருக்க வேண்டும். பசை இடைவெளியை நிரப்பிவிடும் என்று நம்பக் கூடாது. வெள்ளைப் பசையானாலும் மஞ்சள் பசையானாலும், மரத்தோடு மரம் ஒட்டி நிற்கும் இடத்தில்தான் அதற்குப் பலம். இழைப்புளியில் எடுத்த சுருளிலிருந்து மெல்லிய பட்டைகளை வெட்டிக் கழுந்தின் கன்னங்களில் ஒட்டி, ஒரு நாள் காயவிட்டு, மறுபடி சீவியபோது அவை மற்ற ஐந்தையும் விட நன்றாகப் பொருந்தின. கொட்டாப்புளியால் தட்டாமல் கையால் அழுத்தினாலே உள்ளே போகவும் வேண்டும், காலைத் தூக்கினால் சட்டம் தானாகக் கழன்று விழவும் கூடாது. அந்தப் பதம் ஒருமுறை கைக்குப் பிடிபட்டுவிட்டால் அடுத்தடுத்தவை விரைவாக அமைகின்றன.

பசை பூசும் நாள் நம் ஊர் வெயிலில் பரபரப்பானது. மரப்பசை சில நிமிடங்களிலேயே ஏடு கட்டத் தொடங்குகிறது. எட்டு இணைப்புகளையும் ஒரே மூச்சில் முடிக்க முயன்றிருந்தால் பாதியிலேயே அகப்பட்டிருப்பேன். ஆகவே முதல் நாள் இரு குறுகிய பக்கங்களை மட்டும் தனித்தனிச் சட்டகமாக ஒட்டினேன். மறுவாரம் அவற்றை நீண்ட சட்டங்களால் இணைத்தேன். கிளாம்பு இறுக்கியவுடன் மூலைக்கு மூலை குறுக்காக இரு பக்கமும் அளந்து பார்த்ததில் 4 மில்லிமீட்டர் வேறுபாடு இருந்தது. நீளமாக இருந்த மூலைவிட்டத்தின் திசையில் கிளாம்பைச் சற்றுச் சாய்த்து இறுக்கியதும் இரண்டும் சமமாயின. அந்த இரண்டு நிமிட அளவெடுப்பைத் தவறவிட்டிருந்தால், கோணலாகக் காய்ந்த மேசையை எந்த உளியாலும் நேராக்க முடிந்திருக்காது. பிதுங்கி வழிந்த பசையை உடனே ஈரத்துணியால் தேய்க்காமல், ரப்பர் போலக் கெட்டியாகும் வரை அரைமணி நேரம் காத்திருந்து உளியால் வழித்தெடுத்தேன். நீர்த்த பசை மரத்தின் துளைகளுக்குள் இறங்கிவிட்டால், பிறகு பூசும் பூச்சு அந்த இடத்தில் மட்டும் ஏறாமல் திட்டாக நிற்கும்.

மேற்பலகைக்கான பூச்சு எது என்று பல நாள் யோசித்தேன். ஸ்பிரிட்டில் கரைத்த அவலரக்கின் பளபளப்பு எனக்கு மிகவும் பிடிக்கும். ஒரு துண்டுப் பலகையில் பூசியும் பார்த்தேன். மழை பெய்துகொண்டிருந்த மாலை அது. ஸ்பிரிட்டு ஆவியாகும் வேகத்தில் மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து, பூச்சு பால் ஊற்றியதுபோல் வெண்மை பூத்துவிட்டது. சூடான மைலோக் குவளை வைத்தாலும் அரக்கில் வளையம் விழும். ஆளிவிதை எண்ணெய் மலிவானது, ஆனால் எண்ணெய் தோய்ந்த துணிகளைச் சுருட்டி வைத்தால் அவை காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து தாமாகவே சூடேறித் தீப்பற்றக்கூடியவை. பிள்ளைகள் உள்ள அடுக்குமாடி வீட்டில் அந்த ஆபத்தை நான் விரும்பவில்லை. கடைசியில் நீரை அடிப்படையாகக் கொண்ட பாலியூரித்தேன் பூச்சு ஒரு லிட்டர் 62 ரிங்கிட்டுக்கு வாங்கினேன். பொருட்களில் நான் ஒன்றுக்கு அதிகம் கொடுத்தது அதற்குத்தான்.

மணல்தாளைச் சொரசொரப்பானதிலிருந்து மென்மையானதற்கு 120, 180, 240 என்ற எண் வரிசையில் மரத்தின் இழையோடு மட்டுமே ஓட்டினேன். ஒவ்வொரு தாளுக்கு முன்னும் பலகை முழுவதும் பென்சிலால் மெல்லக் கிறுக்கிவிடுவேன். அந்தக் கிறுக்கல் எங்கும் மறைந்தால்தான் அடுத்த தாளுக்குப் போவேன். நீர்ப்பூச்சு பட்டதும் மரத்தின் நார்கள் மயிர்க்கூச்செறிந்து நிற்கும். அதனால் பூசுவதற்கு முன்பே ஈரத்துணியால் ஒருமுறை துடைத்து, நார்களை எழவிட்டு, காய்ந்தபின் 240ஆல் லேசாக மழித்துவிட்டேன். டப்பாவில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு பூச்சு என்று போட்டிருந்தது. பினாங்கில் செப்டம்பர் முதல் நவம்பர் வரை மழை மிகுந்த மாதங்கள். அந்தக் காற்றில் ஓர் இரவு முழுவதும் விட்டால்தான் அடுத்த தேய்ப்புக்குப் பூச்சு தூளாக உதிர்ந்தது, முன்பே தொட்டால் தாளில் ஒட்டிக்கொண்டது. ஒரு மாலை விளக்கைத் தேடி வந்த ஈசல்கள் ஈரப்பூச்சில் விழுந்தன. ஒவ்வொன்றாகப் பொறுக்க முயன்றால் தடம் பெரிதாகும் என்று அப்படியே காயவிட்டு, காலையில் தேய்த்தெடுத்தேன்.

அந்த ஆண்டு தீபாவளி அக்டோபர் 31. உறவினர் வருவதற்கு முன் மேசை வீட்டுக்குள் வந்துவிட வேண்டும் என்று நாங்கள் எல்லோரும் விரும்பினோம். மேற்பக்கம் மூன்று பூச்சு முடிந்திருந்தது. அடிப்பக்கத்துக்கும் பூச இன்னும் மூன்று இரவுகள் தேவைப்பட்டிருக்கும். அதை யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள் என்று எண்ணி, அடிப்பக்கத்தைப் பூச்சில்லாத வெறும் மரமாகவே விட்டு, சட்டங்களின் உட்பக்கத்திலிருந்து திருகாணிகளால் மேற்பலகையை இறுக்கிப் பிடித்து, 27ஆம் தேதி வண்டியில் ஏற்றிப் பாலத்தைக் கடந்தோம். தீபாவளியன்று முறுக்குத் தட்டுகள் அதன் மேல்தான் இருந்தன. அம்மா நீண்ட நேரம் அதன் ஓரத்தைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

நவம்பர் நடுவில் சின்னவன் மைலோவைக் கவிழ்த்தான். அது ஓரத்தில் வழியாமல் மேசையின் நடுவில் குளமாகத் தேங்கி நின்றது. இரும்பு அளவுகோலை அகலவாக்கில் நிமிர்த்தி வைத்துப் பார்த்தேன். இரு ஓரமும் உயர்ந்து, நடுவில் 5 மில்லிமீட்டர் பள்ளம். நீண்ட சட்டத்தில் இருந்த திருகாணி ஒன்று மேற்பலகையிலிருந்து மரத்தைப் பிய்த்துக்கொண்டு வெளியேறியிருந்தது. அன்றிரவு நான் தூங்கவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் பிள்ளைகளை விட்டுவிட்டு வந்து செய்த வேலை, ஒரு மாதம்கூடத் தாங்கவில்லையே என்ற வருத்தம் பெரிதாக இருந்தது.

நடந்தது இதுதான். சூளையில் உலர்த்திய ரப்பர் மரம் கடைக்கு வரும்போது அதன் எடையில் நூற்றுக்கு 8 முதல் 12 பங்கு ஈரமே வைத்திருக்கும். நம் ஊரில் காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டி நிற்கும்போது, சன்னல் திறந்த வீட்டில் இருக்கும் எந்த மரமும் 15, 16 பங்கு ஈரத்துக்கு மெல்ல ஏறி நிற்கும். ஈரம் ஏறும்போது மரம் நீளவாக்கில் அநேகமாக மாறாது, அகலவாக்கில் விரியும். என் பலகையின் மேற்பக்கம் மூன்று பூச்சால் மூடப்பட்டிருந்ததால் அங்கே ஈரம் மெதுவாக நுழைந்தது. பூச்சின்றி விட்ட அடிப்பக்கமோ மழைக்காலக் காற்றைத் தாராளமாகக் குடித்தது. அடிப்பக்கம் விரிந்தது, மேற்பக்கம் விரியவில்லை. ஆகவே பலகை தட்டு போலக் குழிந்தது. திருகாணிகள் அதை நகரவிடாமல் பிடித்தன. மரம் நின்றுவிடவில்லை, திருகாணியைப் பிடுங்கியது. பூச்சு ஈரத்தை அறவே தடுப்பதில்லை. அது செய்வதெல்லாம் ஈரத்தின் நடையைத் தாமதப்படுத்துவது. அந்தத் தாமதம் இரு பக்கமும் ஒரே அளவாக இருந்தால் பலகை நேராக இருக்கும். கண்ணுக்குத் தெரியாத பக்கத்துக்கும் அதே மூன்று இரவுகளை நான் கொடுத்திருக்க வேண்டும்.

மேற்பலகையைக் கழற்றி மறுபடி புக்கிட் மெர்தாஜாமுக்குக் கொண்டுபோனேன். அடிப்பக்கம் வானத்தைப் பார்க்க, சிறு கட்டைகளின் மேல் கிடத்தி, காலை வெயிலில் இரண்டு மணி நேரம் மட்டும் காட்டினோம். மூன்று நாளும் அண்ணி அரைமணிக்கு ஒருமுறை அளவுகோலை வைத்துப் பார்த்தார். பொறுப்பில்லாமல் நாள்முழுதும் விட்டால் மறுபக்கம் வளைந்துவிடும். மூன்றாம் நாள் பள்ளம் 1 மில்லிமீட்டராகக் குறைந்தது. அன்றே அடிப்பக்கத்துக்கும் நான்கு ஓரங்களுக்கும் மூன்று பூச்சைத் தொடங்கினோம். இழைகள் வாய் திறந்து நிற்கும் இரு குறுக்குமுனைகளுக்கு மட்டும் நான்காவது ஒன்று கூடுதலாகக் கொடுத்தேன்.

திருகாணிகளை மறுபடி அதே இடத்தில் போடவில்லை. மிச்சமிருந்த மெராந்தித் துண்டுகளில், ஒரு முனையில் நாக்குப் போல நீட்டிய எட்டு மரப்பிடிகளைச் செய்தேன். சட்டங்களின் உட்பக்கத்தில், மேல்விளிம்புக்குச் சற்றுக் கீழே, வரிசையாகத் துளையிட்டு உளியால் செதுக்கி எட்டுக் காடிகள், அதாவது நீள்பள்ளங்கள், எடுத்தேன். பிடியின் நாக்கு காடிக்குள் நுழையும். பிடியின் உடல் மேற்பலகையோடு ஒரு திருகாணியால் இறுகும். நாக்கு காடியின் மேல்விளிம்பைத் தொடும்போது பிடியின் உடலுக்கும் மேற்பலகைக்கும் நடுவே அரை மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால்தான் இறுக்கும்போது பலகையைக் கீழே இழுத்துப் பிடிக்கும். நீண்ட சட்டங்களில் உள்ள பிடிகளுக்கும் சட்டத்துக்கும் நடுவே 4 மில்லிமீட்டர் இடைவெளி விட்டேன். குறுகிய சட்டங்களில் காடியையே நாக்கை விட அகலமாக வெட்டினேன். குறுகிய சட்டங்களின் நடுவில் மட்டும் ஒவ்வொரு திருகாணி நேரடியாகப் பிடிக்கிறது. அதனால் பலகை நடுவிலிருந்து இரு பக்கமும் சமமாக விரிந்து சுருங்க முடிகிறது. இந்த வேலைக்கு ஒரு ஞாயிறு முழுவதும் ஆனது. முதலிலேயே செய்திருந்தால், சட்டங்களை ஒட்டும் முன் காடியை எடுத்திருக்கலாம்; அரைமணியில் முடிந்திருக்கும்.

செலவுக் கணக்கையும் எழுதிவிடுகிறேன். ரப்பர் பலகைகள் 116 ரிங்கிட், மெராந்தி 34, பசை 18, திருகாணி 6, மணல்தாள் 15, தூரிகை 8, பாலியூரித்தேன் 62 என்று பொருட்களுக்கு 259 ரிங்கிட் ஆனது. கிளாம்பு, ரம்பம், உளி மூன்றுக்கும் 94. வண்டிக்குப் பெட்ரோலும் பாலச் சுங்கமும் சேர்த்து ஏறத்தாழ 50. ஆக 403 ரிங்கிட். கருவிகள் வீட்டில் இருக்கின்றன என்பதால் அடுத்த வேலைக்கு அந்த 94 தேவையில்லை. கடையில் வாங்கிய மேசையோடு ஒப்பிடுகிறவர்கள் ஏழு ஞாயிற்றுக்கிழமைகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும். என் கணவர் ஷிப்டு முடிந்து வந்த களைப்போடு அந்த ஏழு நாளும் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார்.

மேசையின் அகலத்தை அதன்பிறகு அவ்வப்போது ஒரே இடத்தில் அளந்து, பலகையின் அடிப்பக்கத்திலேயே பென்சிலால் தேதியிட்டுக் குறித்துவருகிறேன். 2025 பிப்ரவரியில் வறண்ட நாட்களில் 609 மில்லிமீட்டர். அக்டோபர் மழையில் 612. மூன்று மில்லிமீட்டர் வந்து போகிறது, பலகையோ நேராகவே இருக்கிறது. மேற்பக்கத்தில் பெரியவளின் கவராயமுள் குத்திய இரண்டு புள்ளிகளும், சின்னவன் பெயரின் முதல் எழுத்தும் இருக்கின்றன. பூச்சு முழுவதும் இறுகச் சில வாரங்கள் ஆகும் என்பதை அறிந்தும், முதல் மாதம் விரிப்பு போடாமல் விட்டது என் தவறு.

அண்ணன் வீட்டில் அம்மாவுக்கு முழங்கால் வலி. காய்கறி நறுக்கத் தரையில் உட்கார முடியவில்லை. எஞ்சிய ரப்பர் பலகையிலும் கட்டில் சட்டத்தின் மிச்சத்திலும் அவருக்கு ஒரு தாழ்வான முக்காலி செய்துகொண்டிருக்கிறேன். மூன்று கால்களும் பொருந்திவிட்டன. பலகையைக் கவிழ்த்து, அடிப்பக்கத்துக்கு முதல் பூச்சை நேற்றிரவு பூசினேன். இன்று மாலை தேய்க்கலாமா என்று தொட்டுப் பார்த்தேன், இன்னும் சற்றே ஒட்டுகிறது. நாளை வரை விடுகிறேன்.